மலையடியில் கடலைப் பற்றிப் பேசுதல்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், படைப்பின் காலத்தை முன்னிட்டு, திருவண்ணாமலையில் நாம் பணிபுரியும் பங்கு ஆலயத்தில் கடலைப் பற்றி மறையுரை ஆற்றினோம். மலையைப் பார்த்தே வளர்ந்த மக்களிடம் கடலைப் பற்றிப் பேசுவது எளிதன்று என்பது தெரிந்தே இருந்தது. எனினும் திருத்தந்தையின் சுற்றுமடலை மீண்டும் படித்து முடித்திருந்த உற்சாகம் நம்மை உந்தியது. ‘பெருங்கடல் அமிலமயமாதல்’ என்னும் தொடரை நான்கைந்து முறை அழுத்திச் சொன்னோம். திருப்பலி முடிந்ததும், வெற்றிலைக் கடை வைத்துப் பிழைக்கும் முதிய தாய் ஒருவர் ஆலய வாசலில் கைகூப்பித் தோத்திரம் சொல்லிவிட்டுக் கேட்டார்: “சாமி, கடல்ல ஆசிட்ட யாரு சாமி ஊத்துனது?”

அருகில் நின்ற இளைஞர்கள் சிரித்துவிட்டார்கள். நாமும் புன்னகையோடு, “யாரும் ஊத்தலம்மா, அது தானா ஆவுது” என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தோம்.

அந்த விடையை இன்று எண்ணிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. கேட்கப்பட்டது சரியான கேள்வி. சொல்லப்பட்டது தவறான விடை. இலக்கியத் திறனாய்வு என்றால் கவிதையையும் கதையையும் மட்டுமே ஆராய வேண்டும் என்பதில்லை. பொதுமக்களின் முன் வைக்கப்படும் எந்தச் சொல்லும் ஆய்வுக்கு உரியதே. காலநிலையைப் பற்றியும் கடலைப் பற்றியும் மேடைகளிலும் செய்திகளிலும் பீடங்களிலும் நாம் வழங்கும் சொற்களை அவ்வகையில் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடைபோடும்போது நம் மறையுரையையே முதலில் தராசில் வைப்பது முறை.

ஆதலும் ஆக்கலும்

‘அமிலமயமாதல்’ என்னும் சொல்லில் இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று பொருளைச் சார்ந்தது. மற்றொன்று இலக்கணத்தைச் சார்ந்தது.

முதலில் பொருளைப் பார்ப்போம். அமிலம் என்றதும் நம் மக்களின் நினைவுக்கு வருவது பேட்டரிக்குள் ஊற்றும் நீர்மம். தட்டான் பட்டறையில் புகையும் கிண்ணம். இளம்பெண்ணின் முகத்தில் வீசப்பட்டதாக நாளிதழில் படித்த கொடுமை. கடல்நீர் அப்படி ஆகிவிடவில்லை. அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் அளக்கும் பி.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை. தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 8.2 என்னும் நிலையில் இருந்தது. இன்று ஏறத்தாழ 8.1 என்னும் நிலையில் இருக்கிறது. அதாவது கடல் இன்றும் காரத்தன்மை உடையதே. அந்தக் காரம் குறைந்து வருகிறது என்பதே செய்தி.

‘இவ்வளவுதானா? வெறும் 0.1 தானா?’ என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் விளக்கம் தேவைப்படுகிறது. இந்த அளவுகோல் சாதாரண ஏணி அன்று. இதில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்காகிறது. ஆகவே 0.1 என்னும் சிறிய இறக்கத்திற்குள் அமிலத்தன்மை 25 விழுக்காட்டிற்கும் மேல் கூடியிருப்பது அடங்கியுள்ளது. அச்சுறுத்தும் சொல்லைச் சொல்லி அளவைச் சொல்லாமல் விட்டால் கேட்பவர் மிரள்வார். அளவைச் சொல்லி அதன் பொருளைச் சொல்லாமல் விட்டால் கேட்பவர் கொட்டாவி விடுவார். நம் மறையுரை இந்த இரண்டு பிழைகளையும் ஒருங்கே செய்தது.

இலக்கணக் குறை இதனினும் ஆழமானது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருக்கிறோம். ‘திருந்தினான்’ என்பது தன்வினை; ‘திருத்தினான்’ என்பது பிறவினை. அமிலமயமாதல், வெப்பமடைதல், காலநிலை மாற்றம், கடல்மட்ட உயர்வு என நாம் வழங்கும் சொற்களையெல்லாம் வரிசைப்படுத்திப் பாருங்கள். கடல் தானே அமிலமாகிறது. பூமி தானே வெப்பமடைகிறது. காலநிலை தானே மாறுகிறது. எங்கும் ‘ஆதல்’, எங்கும் ‘ஆக்கல்’ இல்லை. எழுவாய் காணாமற்போன வாக்கியங்கள் இவை.

நடந்ததோ பிறவினை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தும், காடுகளை அழித்தும் மனிதர் சேர்த்தது அது. அவ்வாறு வெளிவிடப்படும் வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உள்வாங்கிக்கொள்கிறது. கடல் அதை வாங்கிக்கொள்வதால் நம் தலைக்குமேல் வெப்பம் ஓரளவு தணிகிறது. அதற்கு விலையாகக் கடல்நீரின் இயல்பு கெடுகிறது.

இதை மற்ற எவரைக் காட்டிலும் அருள்பணியாளர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வருபவர் ‘பாவம் செய்தேன்’ என்று சொல்கிறார். ‘பாவம் நிகழ்ந்தது’ என்று எவரேனும் சொன்னால், ‘யார் செய்தது?’ என்று பரிவோடு கேட்போம். அந்தக் கேள்வியைத்தான் வெற்றிலைக் கடைத் தாய் நம்மிடம் கேட்டார்.

டிசம்பரில் கேட்ட சொற்கள்

அந்த மறையுரைக்கு மூன்று மாதம் நிறைவதற்குள் கடலே மலையடிக்கு வந்து சேர்ந்தது. வங்கக் கடலில் உருவான ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, அதன் பின்னும் விலகாமல் நின்று பொழிந்தது. டிசம்பர் 1 அன்று மாலை, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில், மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. எழுவர் மாண்டனர், அவர்களுள் ஐவர் குழந்தைகள். இந்நகரில் வாழும் எவரும் அந்த நாள்களை மறக்க இயலாது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள், டிசம்பர் 13 அன்று, மலைமேல் தீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. ஆனால் மண்ணின் உறுதி குறித்த அச்சத்தால் அன்று மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி தரப்படவில்லை.

அந்த நாள்களில் மக்களின் செவியில் விழுந்த சொற்களைத் திறனாய்வு செய்தாக வேண்டும். வானிலை அறிவிப்பில் கனமழை, மிகக் கனமழை, அதி கனமழை என மூன்று படிகள் உண்டு. ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்வது முதற்படி. 12 முதல் 20 செ.மீ. வரை இரண்டாம் படி. அதற்கு மேற்பட்டது மூன்றாம் படி. அறிவியலார்க்கு இது துல்லியமான பகுப்பு. ஆனால் ‘மிக’ பெரியதா, ‘அதி’ பெரியதா என்று தமிழ் பேசும் ஒருவரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே பொருளைத் தரும் அடைகள். மேலும், மூன்றாம் படிக்கு மேல் வேறு படியே இல்லை. நம் மாவட்டத்தை அடுத்த ஊத்தங்கரையில் அப்போது ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை, 50 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை. ஊரை நனைக்கும் மழைக்கும் ஊரைப் புரட்டிப்போடும் மழைக்கும் ஒரே பெயர் இருந்தால், எச்சரிக்கை கேட்டவன் எதற்கு ஆயத்தமாவான்?

டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் தென்பெண்ணையாற்றில் வெளியேற்றப்பட்டது. எச்சரிக்கை உரிய நேரத்தில் உரியவர்களைச் சென்றடைந்ததா என்பது பற்றிப் பின்னர்ப் பெரும் விவாதம் எழுந்தது. அந்த அரசியலுக்குள் நாம் நுழையவில்லை. நம் கேள்வி எளியது: கன அடி என்றால் ஆற்றங்கரையில் உறங்குபவருக்கு என்ன தெரியும்? ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி 12,000 லிட்டர் கொள்ளும் எனக் கொண்டால், ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 400 லாரித் தண்ணீர் ஆற்றில் கவிழ்க்கப்பட்டது. இப்படிச் சொல்லியிருந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏற ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார்கள்.

சரிவுக்குப் பின் இருவகைப் பேச்சுகளைக் கேட்டோம். ‘எல்லாம் காலநிலை மாற்றம் செய்த வேலை’ என்றனர் சிலர். ‘கடவுளின் கோபம்’ என்றனர் வேறு சிலர். வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறோம், அவர்களுள் நம்மவரும் இருந்தனர்.

முதல் பேச்சில் பாதி உண்மை உண்டு. காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு பெருகுகிறது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட புயலின் மழையில் இவ்வளவு பங்கு வெப்பத்தால் வந்தது என்பதைத் தனியே ஆய்ந்துதான் சொல்ல முடியும். ஆராயாமல் அனைத்தையும் காலநிலையின் தலையில் போட்டுவிட்டால், சரிவின் அடியில் ஏழைகள் குடியேற நேர்ந்தது ஏன், வேறிடம் அவர்களுக்கு ஏன் வாய்க்கவில்லை, மழைநீர் வடியும் தடங்கள் என்னவாயின என்னும் கேள்விகள் மண்ணுக்குள் புதைந்துவிடும். ‘மண் சரிந்தது’ என்பதும் தன்வினைதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் பேச்சுக்கு ஆண்டவரே விடை தந்துவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெண்மரைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 13-ஆம் இயலில் அவர் பேசுகிறார். மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்னும் எண்ணத்தை அவர் மறுத்துவிட்டு, உயிரோடிருப்பவர்களை மனம் மாற அழைக்கிறார். ஐந்து குழந்தைகளைப் புதைத்த மண்ணின் மேல் நின்றுகொண்டு தண்டனையைப் பற்றிப் பேசுவது நற்செய்தி ஆகாது.

சுண்ணாம்புச் சான்று

2025-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அந்தத் தாயின் கடைக்கு நாமே சென்றோம். கேள்விக்கு விடை சொல்லும் கடன் பாக்கியிருந்தது. வெற்றிலைக் கட்டுக்கு அருகில் சுண்ணாம்பு டப்பி இருந்தது. “இது எதுலருந்து வருது தெரியுமா?” என்றோம். “தெரியாம என்ன சாமி, கிளிஞ்சலச் சுட்டு நீத்தறது. எங்க ஆயா காலத்துல காளவாய்ல வாங்கியாருவோம்” என்றார்.

அங்கிருந்து வழி தானே திறந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பால் ஆனது. சங்கும் சுண்ணாம்பு; முத்துக்குளித்துறை மக்கள் மூச்சடக்கி எடுத்துவந்த முத்தும் பெரும்பாலும் சுண்ணாம்பு; தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்து வளர்ந்துள்ள பவளப் பாறைகளும் சுண்ணாம்பே. ஒரு காலத்தில் அந்தப் பவளப் பாறைகளையே வெட்டிக் காளவாயில் இட்டுச் சுண்ணாம்பாக நீற்றினார்கள். அத்தீவுகளுள் இரண்டு இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. கடல்வாழ் சிற்றுயிர்கள் நீரில் கரைந்துள்ள பொருளைச் சேர்த்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. கரியமில வாயு மிகுந்தால் அந்தக் கட்டுமானப் பொருள் குறைகிறது. வீடு கட்டுவதற்கு அவை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. நீரின் கேடு மிஞ்சினால் கட்டிய வீடும் அரிக்கப்படுகிறது.

அடுத்த வாரம், மறைக்கல்வி வகுப்பில், ஓர் அறிவியல் ஆசிரியரின் உதவியோடு பழைய பள்ளிச் சோதனையைச் செய்து காட்டினோம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் கரியமில வாயுவைச் செலுத்தினால் அது பால்போல் வெளுக்கும். இதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தேர்வில் இரண்டு மதிப்பெண். நிறுத்தாமல் மேலும் மேலும் வாயுவைச் செலுத்தினால், சற்று நேரத்தில் அந்த வெண்மை மறைந்து நீர் மீண்டும் தெளிந்துவிடும். உண்டான சுண்ணாம்புத் துகள் கரைந்துபோயிற்று. கடல் சுண்ணாம்பு நீர் அன்று. சிப்பிகள் இப்படிக் கண்முன்னே கரைந்து மறைவதும் இல்லை. வேகமும் அளவும் வேறு. உள்ளே நிகழும் வேதிவினை உறவுடையது. இந்த வேறுபாட்டையும் பிள்ளைகளிடம் சொன்னோம். உவமையின் எல்லையைச் சொல்லாவிட்டால் உவமையே பொய்யாகிவிடும்.

பேரனைக் கூட்டிவந்த அந்தத் தாய் பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் சொன்னார்: “அப்போ பொகைய ஊதறவங்கதான் சாமி ஊத்தறவங்க.” நம் மறையுரை முழுவதிலும் இல்லாத எழுவாய் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

மக்களிடம் உள்ள சொல்லையும் பொருளையும் கொண்டு பேசினால் செய்தி சேரும் என்பதற்குத் தமிழகத்திலேயே நல்ல சான்று உண்டு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைச் சொல்கிறோம். ஒரு காலத்தில் மஞ்சள் பையோடு நகரத்துக்கு வந்தவரைப் பட்டிக்காட்டான் என்று எள்ளினார்கள். அந்த எள்ளலையே பெருமையாகத் திருப்பியது அந்தப் பெயர். விளக்கவுரை தேவைப்படாத சொல் அது. திருமண வீட்டுத் தாம்பூலப் பையாக எல்லார் கையிலும் ஏற்கெனவே இருந்தது. ஆயினும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். நெகிழிப் பையை விட்டுவிட்டால் காலநிலைச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று பலர் எண்ணத் தொடங்கிவிட்டனர். நெகிழி ஒரு கேடு. கரிப்புகை வேறொரு கேடு. நல்ல சொல் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கக் கூடாது.

சுற்றுமடலும் பீடமும்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடல், திருச்சபை இப்பொருள் பற்றி மக்களோடு பேசிய பேச்சுகளுள் தலையாயது. அதற்குள்ளும் இருவகை மொழியைக் காணலாம். 24-ஆம் பத்தியில் கடல் அமிலமாவதும் கடல் உணவுச் சங்கிலி பாதிக்கப்படுவதும் ஒரே வாக்கியத்தில் அறிக்கை நடையில் கடந்துபோகின்றன. அதே பவளப் பாறைகளின் அழிவைப் பேசும் 41-ஆம் பத்தியோ, 1988-இல் பிலிப்பைன்சு ஆயர்கள் எழுதிய மேய்ப்புப் பணி மடலைத் துணைக்கு அழைக்கிறது. கடலடி உலகத்தைக் கல்லறையாக்கியது யார் என்னும் பொருள்பட அந்த ஆயர்கள் எழுப்பிய கேள்வியை அங்கே எடுத்தாள்கிறது. தீவுகளில் வாழும் மீனவ மக்களோடு இருந்து எழுதிய ஆயர்கள் ‘எப்படி’ என்பதோடு நின்றுவிடாமல் ‘யார்’ என்று கேட்டனர். பிலிப்பைன்சில் எழுந்த கேள்வியும் திருவண்ணாமலையில் வெற்றிலைக் கடைத் தாய் எழுப்பிய கேள்வியும் ஒன்றே.

நம் பீடங்களில் என்ன நிகழ்கிறது? ‘நாம் எல்லாரும் பூமியைப் பாழாக்கினோம், நாம் எல்லாரும் மனம் வருந்துவோம்’ என்கிறோம். கேட்கப் பணிவாக இருக்கிறது, உண்மையாக இருக்கிறதா? தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உட்படுவார். ‘நாங்கள்’ என்றால் உட்படார். இந்த நுட்பத்தை நம் மொழி நமக்குத் தந்திருக்க, நாம் அதைக் கருதாமல் பேசுகிறோம். இந்தியர் ஒருவர் சராசரியாக வெளிவிடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. கீரைக்கட்டு விற்பவரின் பங்கு அதிலும் சிறு துளி. விமானங்களில் பறப்பவரையும் நடந்தே சந்தைக்குப் போகிறவரையும் ஒரே ‘நாம்’ என்னும் கயிற்றால் கட்டுவது தாழ்ச்சி ஆகாது. குற்றவாளிக்குக் கூட்டத்தில் ஒளிய இடம் தருவதாகும். ஏழையிடம் அவர் சுமக்க வேண்டாத குற்ற உணர்வைச் சுமத்துவதும் ஆகும். இக்கட்டுரையிலும் ‘நாம்’ என்று எழுதுகிறோம். எங்கே அது எழுதுபவரை மட்டும் குறிக்கிறது, எங்கே வாசகரையும் சேர்க்கிறது என்பதை வாசகர்கள் ஐயத்தோடு பார்ப்பது நன்று.

திருத்தப்பட்ட ஒரு சொல்

சொல் பிழைத்தால் திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு நம் மறைபரப்பு வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், அவ்வூர்த் தமிழரின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மக்களுக்குக் கற்பித்தார். விசுவாச அறிக்கையில் ‘விசுவசிக்கிறேன்’ என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் அமைந்துவிட்டது. பிழையை உணர்ந்ததும், தம் உடன் உழைப்பாளர் மன்சீலியாசுக்கு மடல் எழுதி, அதை மாற்றி ‘விசுவாசம்’ என்னும் சொல்லை வழங்கச் செய்தார். அவருக்குப் பின் வந்த அன்றீக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சேற்றினார். மக்களுக்குத் தவறான சொல்லைத் தந்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்ளும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

நமக்கும் அந்தத் துணிவு வேண்டும். பெரிய திட்டம் எதையும் நாம் முன்மொழியவில்லை. ஒவ்வொரு பங்கிலும், மழைக்காலம் தொடங்குமுன், வானிலை அறிவிப்பின் மூன்று படிகளையும் செ.மீ. கணக்கோடு ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். சரிவிலும் ஆற்றோரத்திலும் வாழும் குடும்பங்களின் பட்டியலை அன்பியங்கள் வைத்திருந்து, எச்சரிக்கை வந்தவுடன் வீடு வீடாகச் சென்று சொல்லலாம். மறைக்கல்வி வகுப்பில் சுண்ணாம்பு நீர்ச் சோதனையைச் செய்து காட்டலாம். மறையுரையில் ‘ஆகிறது’ என்று வருமிடமெல்லாம் நின்று, ‘ஆக்குகிறவர் யார்?’ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

அந்தத் தாயிடம் செப்டம்பரில் சொன்ன விடையை நாம் திரும்பப் பெற்றுக்கொண்டோம். “தானா ஆவலம்மா, ஊத்துறாங்க. நாம சொன்னது தப்பு” என்றபோது அவர் சிரித்தார். பிறகு, வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பைத் தடவியபடியே, “அப்படின்னா நிறுத்தச் சொல்லவும் முடியுமில்ல சாமி?” என்றார். அடுத்த மறையுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.